எப்சிபா டீச்சருக்குச் சமாதானம் வரவில்லை

மாவு அச்சை விட்டுக் கழன்று விழ மாட்டேன் என்று அடம் பிடித்தது. எப்சிபா டீச்சர் கம்பியை எண்ணெய்க்குள் லேசாக ஆட்டிப் பார்த்தாள், சட்டியின் விளிம்பில் தட்டிப் பார்த்தாள், கடைசியில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியால் நெம்பி எடுத்தபோது முழுசாக வர வேண்டிய அச்சு முறுக்கு நாலு துண்டாக வந்தது. முதல் ஐந்தாறு இப்படித்தான் போகும், அச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாவு சொன்ன பேச்சு கேட்கும், இது தெரியாதவளா அவள், இருபது வருஷமாகக் கோவிலில் நடக்கிற அறுப்பின் பண்டிகையில் மாதர் சங்கக் கடைக்கு அச்சு முறுக்கு என்றால் அது எப்சிபா வீட்டு முறுக்குதான், இருந்தாலும் இன்றைக்கு மாவிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பு வரைக்கும் எல்லாம் சேர்ந்துகொண்டு தன்னை எதிர்த்து நிற்பதாக அவளுக்கு எரிச்சல் வந்தது. மணி இரண்டு பத்து. நாலு மணிக்கு ஞானதிரவியம் சார் வருகிறார். நாலு என்றால் அவருக்கு நாலுதான், ஐந்து நிமிஷம் முன்னாடி வந்துவிட்டால் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நாலு அடிக்கட்டும் என்று நிற்கிற மனுஷன். வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "என்ன பதில் கிடைச்சுது டீச்சர்" என்று கேட்பார். பதில் இவளிடம் இல்லை. பதில் தர வேண்டியவர் தரவில்லை. ஆறு வாரம் கேட்டாயிற்று. "ஆண்டவரே, உமக்கு இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் இருக்கு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகு, பள்ளிக்கூடத்தில் ஜாக்கெட் தைத்து முடிக்காத பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் ஆண்டவரிடம் பேசிவிட்டோமே என்று திடுக்கிட்டு, "மன்னியும்" என்றாள். மன்னித்தாரா இல்லையா என்பதும் தெரியவில்லை.

எல்லாம் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டில் ஆரம்பித்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, ஜனம் கலைந்து, வேப்பமரத்தடியில் சார் தன் சைக்கிளைப் பூட்டுவதும் திறப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், பாடகர் குழுவில் கீழ்க்குரல், மனைவி இறந்து நாலு வருஷம், ஒரே மகள், பெர்லின் என்று பெயர், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இவ்வளவுதான் அவரைப் பற்றி அவளுக்குத் தெரியும், சபையில் எல்லோருக்கும் தெரியும். "டீச்சர், ஒரு காரியம் ஜெபத்துல வச்சுக்கிடணும்" என்றார். இதைக் கேட்டதும் அவள் கை தானாகப் பைக்குள் போனது. நீல அட்டை போட்ட ஜெப நோட்டு இல்லாமல் அவள் கோவிலுக்கு வருவதில்லை. "சொல்லுங்க சார், யாருக்காக?" என்று பேனாவைத் திறந்தாள். "எனக்காக. உங்களுக்காகவும்தான்." அப்போதும் அவளுக்கு ஓடவில்லை, பாருங்கள், புத்தி அவ்வளவு. நோட்டில் "ஞானதிரவியம் சார்" என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் எழுத வியாதியின் பெயருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ரெண்டு வீட்டுலயும் ஒத்தை ஒத்தையா இருக்கோம். மிச்சமிருக்க நாளை ஒரே வீட்டுல இருந்தா என்னன்னு தோணுது. முறைப்படி, நம்ம சபை ஐயர் முன்னால, கோவில்ல கல்யாண ஓலை வாசிச்சு. நீங்க ஜெபிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல." பேனா அப்படியே நின்றது. மேல் வரியில் எலிசா அண்ணாச்சியின் சர்க்கரை வியாதி, அதற்கும் மேலே யாரோ ஒரு பையனின் விசா, கீழே ஞானதிரவியம் சார், கோடு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. என்ன எழுதுவது? ஐம்பத்து நாலு வயதுத் தையல் டீச்சர், அருமைராஜ் போய் ஒன்பது வருஷம், கல்யாணம் என்று எழுதவா? வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் யாராவது நோட்டை எட்டிப் பார்த்தால்?

இந்த முறுக்கு கழன்றது. எண்ணெயில் மிதந்து, பொன்னிறமாகச் சுழன்றது. ஒன்று சரியாக வந்ததும் மனசு கொஞ்சம் இளகி, சரி இதையே அடையாளமாக எடுத்துக்கொள்வோமா, அடுத்ததும் உடையாமல் வந்தால் சம்மதம் என்று வைத்துக்கொள்வோமா என்று ஓடியது, உடனே அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அடையாளம் கேட்டுப் பட்டது போதாதா. மூன்றாவது வாரம், பால்காரர் காலையில் ஆறு மணிக்கு முன்னால் வந்தால் சரி, ஆறுக்குப் பின்னால் வந்தால் வேண்டாம் என்று ஆண்டவரோடு ஒப்பந்தம் போட்டாள். மறுநாள் சுவர்க்கடிகாரம் ஆறு அடித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவது அடிக்கும் நாலாவது அடிக்கும் நடுவில், பால்காரர் மணியை அடித்தார். பால் செம்பை வாங்கிக்கொண்டு அவரையே முறைத்துப் பார்த்தாள், "என்னம்மா, தண்ணி கலக்கலம்மா" என்று அவர் தானாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு வசனப் பெட்டி. ரொட்டித்துண்டு மாதிரி பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி, உள்ளே கலர் கலராக வாக்குத்தத்த அட்டைகள், தினம் காலையில் ஜெபித்துவிட்டு ஒன்று உருவுவது வழக்கம். ஒன்று உருவினாள், பொறுமையாயிரு என்கிற பொருளில் வந்தது. பொறுமையா, யாருக்கு, எதுவரைக்கும்? இன்னொன்று உருவினாள், இரண்டாவது உருவக்கூடாது என்பது அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம், பயப்படாதே என்று வந்தது. பயப்படாமல் செய் என்றா, செய்யாமல் விட்டுவிட்டாலும் பயப்படாதே என்றா? மூன்றாவது, நாலாவது, கடைசியில் பெட்டி காலி, சாப்பாட்டு மேஜை பூராவும் அட்டை, எல்லா அட்டையும் நல்ல அட்டைதான், எல்லாமே ஆசீர்வாதம்தான், ஞானதிரவியம் சாரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. வேதத்தைக் கண்ணை மூடித் திறந்தால் கூடாரத்துத் திரைகளின் நீளம் அகலம் வந்தது, இத்தனை முழம், இத்தனை கொக்கி, இத்தனை காது. அவள் தையல்காரி புத்தி, துணி எவ்வளவு பிடிக்கும், ஓரம் மடிக்க எவ்வளவு விட வேண்டும் என்று கால் மணி நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்துவிட்டாள். அது முடிந்த பிறகுதான் தான் கேட்க வந்தது வேறு என்று ஞாபகம் வந்தது.

மற்றவர்களுக்கு என்றால் எவ்வளவு சுளுவாக வருகிறது. அதுதான் அவளுக்கு ஆறாத கோபம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இதே கூடத்தில் பாய் விரித்தால் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர், எப்சி அக்கா எப்சி அக்கா என்று வந்து உட்காருவார்கள். மகனை எந்தப் பாடத்தில் சேர்க்க, மாடியை வாடகைக்கு விடவா, கொழுந்தன் வீட்டு விசேஷத்துக்குப் போகவா வேண்டாமா, பெரிய பிரிட்ஜ் வாங்கவா சின்னது போதுமா. சிரிக்காதீர்கள், பிரிட்ஜுக்கும் ஜெபித்திருக்கிறாள். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள், அத்தனை பேரும் மூச்சு விடாமல் இருப்பார்கள், மின்விசிறி மட்டும் சத்தம் போடும், பத்து நிமிஷம், மிஞ்சிப்போனால் பதினைந்து, நெஞ்சுக்குள் ஒரு பக்கம் லேசாகும் அல்லது கனக்கும். லேசானால் "சமாதானம் இருக்கும்மா, துணிஞ்சு செய்ங்க." கனத்தால் "சமாதானம் இல்லம்மா, விட்டுருங்க." அவ்வளவுதான். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. சமாதானம் இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. ஒருவரையும் ஆறு வாரம் காக்க வைத்ததில்லையே, பத்து நிமிஷத்துக்கு மேல் போனதில்லையே, அப்போதெல்லாம் அத்தனை சீக்கிரம் பேசினவர் இப்போது ஏன் வாயை மூடிக்கொண்டார்? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக அவள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றி வரும்போதெல்லாம் ஒரு இடத்தில் வந்து முட்டும். அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே அவள் வேறு வேலையை எடுத்துக்கொள்வாள். இப்போதும் மாவைக் கலக்கினாள், எள் அடியில் போய் நின்றுவிடும், கலக்காவிட்டால் முதல் முறுக்கில் எள்ளே இருக்காது, கடைசி முறுக்கில் எள் மட்டும்தான் இருக்கும்.

அருமைராஜ் இருந்திருந்தால் சிரித்திருப்பார். தபால் ஆபீஸில் ஸ்டாம்பு குத்திக் குத்தி மனுஷனுக்கு எல்லாவற்றிலும் ஒரு விளையாட்டு. குடை எடுத்துப் போகவா என்று அவள் ஜெபித்தால், "வானத்தைப் பாரு புள்ள, அவரு அதுல எழுதித்தான் வச்சிருக்காரு" என்பார். பிள்ளைக்காக இருபது வருஷம் ஜெபித்தார்கள், அதில் மட்டும் அவர் விளையாடவில்லை, முழங்காலில் அவள் பக்கத்தில் இருந்தார், பதில் வரவில்லை. வராததும் ஒரு பதில்தான் என்று கூட்டங்களில் அவள் மற்றவர்களுக்குச் சொல்லுவாள், தன் விஷயத்தில் அதை ஒருநாளும் நம்பினதில்லை, அது வெறும் வராததுதான். அவர் போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. குறைந்தது என்ன, நின்றுபோனது. இப்போது அவளுக்கு வேண்டியது பெரிசாக ஒன்றும் இல்லை, அதுதான் கேவலமாக இருக்கிறது, ஜெபத்தில் வைக்கிற அளவுக்கு ஒரு கௌரவமான தேவைகூட இல்லை. கூடத்து டியூப் லைட் சிமிட்டுகிறது என்று அவள் சொல்ல வேண்டும், அதற்கு இன்னொருத்தர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். மீன் குழம்பில் புளி தூக்கல் என்று யாராவது குறை சொல்ல வேண்டும். காலையில் பேப்பரில் இறந்துபோனவர்கள் பக்கத்தை வாசித்து, இது நம்ம மிஷன் காம்பவுண்டு செல்லையாதானே என்று கேட்க ஒரு ஆள். ஞானதிரவியம் சார் அப்படிக் கேட்பார், அவர் ஆள் அப்படித்தான். ஒருநாள் கோவிலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அவள் சேலை ஓரத் தையலைப் பார்த்து, "இது கைத்தையலா, கோடு போட்ட மாதிரி இருக்கே" என்றார். டிராயிங் மாஸ்டர், கோடு தெரியும். அதை அவள் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆண்டவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை. உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அது உன் மாம்சம் பேசுகிறது, ஆண்டவர் அல்ல என்று எத்தனை பேருக்கு அவள் சொல்லியிருக்கிறாள். எத்தனை பேருக்கு.

சிரோன்மணிக்குச் சொன்னாள். சரி, வந்தாயிற்று, முட்டுகிற இடத்துக்கு வந்தாயிற்று, இனி மாவைக் கலக்கியும் பிரயோஜனமில்லை. ஏழு வருஷம் இருக்கும். சிரோன்மணிக்கு அப்போது முப்பத்து நாலு வயசு, புருஷன் லாரி விபத்தில் போய், பெண் குழந்தையை வைத்துக்கொண்டு நர்சரி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. தூத்துக்குடியில் அச்சாபீஸில் வேலை பார்க்கிற ஒருத்தர், மனைவி இல்லாதவர், குழந்தையோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். அவள் இந்தப் பாயில்தான் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு மனசு இருக்கு அக்கா, ஆனா ஆண்டவர் சித்தம் தெரியல" என்றாள். சொல்லும்போது அவள் காது மடல் சிவந்திருந்தது. இவள் அந்தக் காதையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். அன்றைக்குக் கரண்டு இல்லை, மின்விசிறி நின்றுபோய் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு கனத்தது, கல் மாதிரி கனத்தது. "சமாதானம் இல்லம்மா" என்றாள். சிரோன்மணி "சரி அக்கா" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? வெக்கையா? அருமைராஜ் போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, தன் வீட்டில் ராச்சாப்பாட்டுக்கு ஒரு தட்டு மட்டும் வைக்கப் பழகிக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் ஒருத்தி காது சிவந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். அது ஆண்டவர் கொடுத்த கனமா, இல்லை, இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, அவள் அந்த மாதிரி ஆள் இல்லை, ஒரு விதவையைப் பார்த்து இன்னொரு விதவை, சீ. ஆண்டவர்தான் சொன்னார். ஆண்டவர்தான் சொன்னார் என்றால் இப்போது ஏன் சொல்லவில்லை? அந்தத் தூத்துக்குடிக்காரர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார், மூன்று பிள்ளைகளாம், நல்ல மனுஷனாம். சிரோன்மணி இன்னமும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாள், இரண்டாவது வரிசை, ஜன்னலோரம், ஒரு நாள் ஒரு பொழுது முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இன்று காலையில்கூட வந்து அரை மூடி தேங்காய் திருகிக் கொடுத்துவிட்டு, "ஆண்டவர் எனக்குன்னு ஏதாவது சொல்லுவாரா அக்கா" என்று கேட்டாள். சொல்லுவார் என்று சொல்லி அனுப்பினாள், எதை வைத்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. சுரீர் என்றது. கையை உதறிக்கொண்டு அடுப்பை அணைத்தாள், மாவில் பாதி அப்படியே இருந்தது, இருக்கட்டும், மாதர் சங்கத்துக்கு இந்த வருஷம் பாதி முறுக்கு போதும். கூடத்துக்கு வந்து முழங்கால் போட்டாள். முழங்கால் வலித்தது, ஐம்பத்து நாலு வயசு முழங்கால், அதுவும் ஒரு பக்கம் வீக்கம். ஆண்டவரே என்றாள், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, வந்தது எல்லாம் சண்டை. உமக்கு என்ன குறைஞ்சுபோகும்? ஒரு ஆமா, ஒரு இல்ல. ஊராருக்கெல்லாம் என் வாயால பதில் சொன்னீரே, என் வாய்க்கு ஒரு பதில் இல்லையா? நான் என்ன தப்பு செஞ்சேன், சரி, செஞ்சேன், சிரோன்மணி விஷயத்துல ஏதோ நடந்துபோச்சு, அதுக்காகவா? அதுக்காகன்னா அதையாவது சொல்லும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்கூடப் போதும், அழுதுவிட்டு எழுந்து முறுக்கு சுடுவேன். சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது, ஒன்று, இரண்டு, எண்ணக்கூடாது, எண்ணினால் அதையும் அடையாளமாக்கிவிடுவோம், மூன்று. நெஞ்சைக் கவனித்தாள். லேசாகவும் இல்லை, கனமாகவும் இல்லை, சும்மா அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளே தேடித்தேடிப் பார்த்தால் கிடைப்பது ஒன்றே ஒன்று, அவர் வர வேண்டும், அவர் வந்தால் நல்லது என்கிற எளிய ஆசை, வேறு ஒரு குரலும் இல்லை. அந்த ஆசைக்குத் தான் பொறுப்பேற்க வேண்டாம் என்றுதான் ஆறு வாரமாக ஆண்டவரின் கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறோமோ? அவர் சொல்லிவிட்டால் பாயில் உட்காருகிற பதினைந்து பேர் முன்னாலும் நிமிர்ந்து நிற்கலாம், எனக்கு ஒன்றுமில்லை அம்மா, ஆண்டவர் சித்தம் என்று. இந்த வயசில் அக்காவுக்கு எதற்கு என்று ஒருத்தி வாய் திறக்க முடியாது. அதற்காகத்தானா இவ்வளவு முழங்கால்? அவளுக்குத் தன் மேலேயே கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்தாள். மணி மூன்று நாற்பது. முகம் கழுவினாள், பீரோவைத் திறந்து சேலை மேல் கையை வைத்தபோது உதடு தானாக, ஆண்டவரே பச்சையா ஊதாவா என்று ஆரம்பித்தது. கையை வெடுக்கென்று இழுத்து, எது முதலில் அகப்பட்டதோ அதைக் கட்டிக்கொண்டாள். ஊதா.

நாலு அடித்ததும் கேட்டு திறந்தது. ஞானதிரவியம் சார் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, மூங்கில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, புதுசாகச் சவரம் செய்த முகம், தாடையில் சின்ன ரத்தக்காயம். அவள் டீயும் ஒரு தட்டில் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காராமல் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முறுக்கைப் பார்த்தார், தொடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், நீங்க சொல்லுததுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிருதேன்."

"சொல்லுங்க சார்."

"இந்த ஆறு வாரமும் நானும் ஜெபிச்சேன். கருத்தாத்தான் ஜெபிச்சேன்." கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "எனக்கு ஆண்டவர் சமாதானம் தரல டீச்சர்."

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, முடிந்தது, எனக்குச் சொல்லாததை அவருக்குச் சொல்லிவிட்டார், நான் எதையும் சொல்ல வேண்டாம், பாதி மாவு இருக்கிறது, போய்ச் சுடலாம். அந்த நிம்மதி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அந்த வார்த்தை அவளுடைய வார்த்தை. இருபது வருஷம் இந்தக் கூடத்தில் அவள் புழங்கின வார்த்தை, அதன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று ஊரில் வேறு யாரையும் விட அவளுக்குத்தான் தெரியும். ஒரு ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி, அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது ஜெபத்தில் வந்தது இல்லை, வேறெங்கோ வந்தது. சிரோன்மணிக்கு இப்படித்தான் இருந்திருக்கும். இல்லை, அவளுக்கு இதுகூடத் தெரிந்திருக்காது, அவள் நம்பினாள். கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது, யார் மேல் கோபம் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"பெர்லின் என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். "பெர்லினா?"

"கோயம்புத்தூர்ல இருந்து போன் வந்திருக்கும்லா சார்."

அவர் டீ டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "நேத்து பேசினா. அழுதா. மாமியார் வீட்டுல எப்படி முகத்தக் காட்டன்னு கேட்டா. அம்மா போட்டோவ எங்க கொண்டு வைப்பீங்கன்னு கேட்டா. என்னால பதில் சொல்ல முடியல டீச்சர்."

"அப்ப அதச் சொல்லுங்க. மக அழுதா, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுங்க. அத ஏன் ஆண்டவர் தலையில கட்டுதீங்க?"

"மக மூலமாவும் அவரு பேசலாம்லா?" அவர் குரல் இறங்கியது, பாடகர் குழுவில் கேட்கிற அந்தக் கீழ்க்குரல் இல்லை இது, தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாணவனின் குரல்.

"பேசலாம். பேசினாரா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு என்ன வந்துது?" என்று கேட்டார்.

நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. எனக்கும் சமாதானம் இல்ல சார். அதைச் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் மானம் தப்பும், இரண்டு பேரும் தேவபயமுள்ளவர்களாக ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் பிரியலாம், நாளைக்குக் கோவிலில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்ளலாம், நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம், இப்படி ஒன்று நடந்ததாகவே யாருக்கும் தெரியாது. எவ்வளவு வசதியான வார்த்தை. எத்தனை பேரின் வாழ்க்கையை இதைப் போட்டு மூடியிருக்கிறோம். அவள் நிலையை விட்டுக் கையை எடுத்தாள்.

"ஒண்ணும் வரல சார்."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. வேதத்தத் திறந்து பார்த்தேன், பெட்டியில அட்டை பூரா எடுத்துப் பார்த்தேன், பால்காரரக்கூட விடல. ஒரு வார்த்தை வரல. ஆனா நான் சரின்னுதான் சொல்ல இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆண்டவர் சொல்லாமலா?"

"எனக்குப் புடிச்சிருக்கு. அவ்வளவுதான் இருக்கு எங்கிட்ட, வேற ஒண்ணும் இல்ல. சொல்லுதது நான்தான், அவரு இல்ல." அவள் நிலையிலிருந்து ஓர் அடி முன்னால் வந்தாள். "சிரோன்மணி வந்து கேட்டப்ப வேண்டாம்னு சொன்னதும் நான்தான் சார். அதுலயும் அவரு இல்ல."

சிரோன்மணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கியிருக்காது. விளங்க வேண்டும் என்று அவள் சொல்லவும் இல்லை. சொன்னதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, முந்தானையால் துடைத்தாள். சிரோன்மணியிடம் இதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அல்ல, அவள் வீட்டுக்குப் போய், தனியாக. சொன்னால் ஏழு வருஷம் திரும்பி வராது. சொல்லத்தான் வேண்டும். அவள் "சரி அக்கா" என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது, திட்ட வேண்டும், ஆண்டவரே அவளைத் திட்ட வையும்.

ஞானதிரவியம் சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும் டீச்சர்?" என்று கேட்டார்.

இந்தக் கூடத்தில் எத்தனை நூறு தடவை கேட்ட கேள்வி. பழக்கத்தில் அவள் கை முக்காட்டுக்குப் போனது, இமை தானாக இறங்கியது. பாதியில் நிறுத்தி, கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள்.

பிறகு எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.